டைனமோ போகவில்லை, எர்த் போயிருக்கிறது

“அண்ணே, டைனமோ போச்சுண்ணே.”

சைக்கிள் கடையில் இந்தப் புகாரைக் கேட்டதும் கைதேர்ந்த மெக்கானிக் முதலில் செய்வது, டைனமோவின் தலையில் இருக்கும் உருளையை இரண்டு விரலால் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவது. உள்ளே காந்தம் இடறி இடறிச் சுழலும். அந்த இடறல் விரலுக்குத் தெரிந்தால் போதும். “டைனமோ எங்கேயும் போகல தம்பி. எர்த் போயிருக்கு. வண்டிய ஸ்டாண்டு போடு” என்று சொல்லிவிட்டு உப்புத்தாளைத் தேடுவார். பெயின்ட் மூடிய ஓர் இடத்தைச் சுரண்டி, ஒரு நட்டை முடுக்கி, பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றினால் முன்விளக்கு மஞ்சளாக எரியத் தொடங்கும்.

அந்த விரலுக்குத் தெரிந்தது இதுதான்: டைனமோவின் உயிர் லேசில் போகாது. காந்தம் தேய்வதில்லை. செம்புக் கம்பிச் சுருள் தன்னால் கெடுவது அபூர்வம். கெடுவதெல்லாம் மின்சாரம் ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குத் தாவுகிற இடங்கள்: ஒயர் நுனி, பல்பின் அடிப்பொட்டு, ஹோல்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங், ஃபோர்க்கைக் கவ்வும் திருகு. நல்ல சைக்கிள் விளக்கு எது, மட்டமானது எது என்பதை எல்லோரும் வெளிச்சத்தை வைத்துச் சொல்கிறார்கள். நான் இந்த இணைப்புகளை வைத்துச் சொல்வேன். அவற்றைத் திறக்க முடிகிறதா, சுரண்டிச் சுத்தம் செய்ய முடிகிறதா, மறுபடி முடுக்க முடிகிறதா? இன்று கடைகளில் அட்டையில் தொங்கும் பேட்டரி விளக்குகளில் பெரும்பாலானவற்றிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை. ஒரு மழைக்காலத்தில் நின்றுபோனால் குப்பைக்கூடைதான்.

சைக்கிளில் விளக்கு என்பது ஒரு காலத்தில் கட்டாயமாக இருந்தது. இருட்டிய பிறகு லைட் இல்லாமல் வந்தாலும் போலீஸ் பிடிக்கும், டபுள்ஸ் வந்தாலும் பிடிக்கும். அபராதம் கட்டக் காசில்லை என்றால் டயரில் காற்றைப் பிடுங்கி விடுவார்கள். முச்சந்தியில் தொப்பி தெரிந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டே போய், தாண்டிய பிறகு ஏறி மிதித்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். மண்ணெண்ணெய் விளக்கை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டவர்கள் காற்றோடும் ரோட்டுப் பள்ளத்தோடும் மல்லுக்கட்டினார்கள். டைனமோவுக்கு எண்ணெய் வேண்டாம், திரி வேண்டாம், பேட்டரி வேண்டாம். மிதித்தால் எரியும். இரவுப் பணி முடிந்து மில்லிலிருந்து வீடு திரும்புகிறவருக்கும், விடியுமுன் பால் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவருக்கும் அது எவ்வளவு பெரிய வசதி என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குப்பிக்குள் என்ன இருக்கிறது

டயரின் பக்கவாட்டில் உரசி ஓடும் குப்பி வடிவ டைனமோவைப் பிரித்துப் பார்த்தால், இவ்வளவுதானா என்று தோன்றும். நடுவில் ஒரு தண்டு. தண்டின் கீழே உருளை வடிவக் காந்தம். அதன் சுற்றுப்புறத்தில் வட துருவமும் தென் துருவமும் மாறி மாறி வரும், பொதுவாக எட்டு. காந்தத்தைச் சுற்றிப் பல் பல்லாக வெட்டிய இரும்புத் தகடுகள். அவற்றுக்கு நடுவே எனாமல் பூசிய செம்புக் கம்பிச் சுருள். சுழல்வது காந்தம், சுருள் அசையாமல் நிற்கிறது. அதனால் கார்பன் பிரஷ் என்ற சமாசாரமே கிடையாது. தேய்வதற்கு என்று உள்ளே இருப்பது தண்டைத் தாங்கும் புஷ் மட்டும்தான். சுருளின் ஒரு முனை குப்பியின் உடலோடு சேர்ந்துவிடும். மறுமுனை அடிப்பக்கம் தனியாக வெளியே வந்து, ஒயரைப் பிடிக்க ஒரு சின்னத் திருகோடு நிற்கும்.

உருளையின் குறுக்களவு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 28 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 115 சுற்று அளவில் சுற்றுகிறது. அதே நேரத்தில் உருளை சுற்றுவது ஏறத்தாழ 4,000 முறை. இவ்வளவு வேகமாகச் சுழல்வதால்தான் உள்ளங்கைக்குள் அடங்கும் குப்பியிலிருந்து 6 வோல்ட், 3 வாட் கிடைக்கிறது. இந்த வேகம்தான் அதன் பலவீனமும். புஷ்ஷில் ஒரு சொட்டு எண்ணெய் வற்றினாலும் கத்தத் தொடங்கிவிடும். அதிகமாக எண்ணெய் விட்டாலோ, அது மேலேறி உருளையில் படிந்து டயரில் வழுக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு என்பதுதான் கணக்கு.

வேகம் கூடினால் பல்பு ஏன் உடனே வெடித்துவிடுவதில்லை? இதில்தான் இந்தக் கருவியைச் செய்தவர்களின் மூளை தெரிகிறது. சக்கரம் வேகமாகச் சுற்றச் சுற்ற, வெளிவரும் மாறுமின்சாரத்தின் அலைகள் நெருக்கமாகின்றன. அலைகள் நெருங்கினால் சுருளே அந்த மின்சாரத்துக்குத் தடையாகிறது. வேகத்தால் ஏறும் வோல்ட்டேஜை இந்தத் தடை விழுங்கிவிடுவதால், ஓரளவு வேகத்துக்கு மேல் மின்னோட்டம் சுமார் அரை ஆம்பியரிலேயே நின்றுவிடும். எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது, வெறும் காந்தமும் கம்பியும் இரும்பும்தான். ஆனாலும் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளத் தெரிகிறது.

அந்த அரை ஆம்பியரைத்தான் முன்விளக்கும் பின்விளக்கும் பங்கு போட்டுக்கொள்கின்றன. முன்னால் 2.4 வாட் பல்புக்கு 0.4 ஆம்பியர். பின்னால் 0.6 வாட் சிவப்பு விளக்குக்கு 0.1 ஆம்பியர். இப்போது முன்பல்பு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டைனமோவுக்கு அது தெரியாது. அரை ஆம்பியரைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். தன் பங்கைப்போல ஐந்து மடங்கு வந்து இறங்கினால் பின்பல்பு என்ன செய்யும்? ஒரு கணம் பளிச்சென்று எரிந்து அதுவும் போய்விடும். இரண்டு பல்பும் ஒரே இரவில் போனால் டைனமோவைத் திட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. கழற்றி எறியவும் செய்வார்கள். உண்மையில் போனது முன்பல்பு ஒன்றுதான். மற்றது அதன் பின்னாலேயே போனது. அவசரத்துக்கு டார்ச் லைட் பல்பை வாங்கி மாட்டுகிறவர்களுக்கும் இதே கதிதான். குறைந்த ஆம்பியருக்குச் செய்த பல்பு அது, முதல் இறக்கத்திலேயே கருகிவிடும். 6 வோல்ட், சரியான வாட் என்று பல்பின் தலையில் பொறித்திருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குவதுதான் முதல் ரிப்பேர்.

எர்த் எங்கே போகிறது

நம் ஊரில் பெரும்பாலான சைக்கிள்களில் டைனமோவிலிருந்து விளக்குக்குப் போவது ஒற்றை ஒயர். மின்சாரம் திரும்பி வரும் பாதை சைக்கிளின் இரும்புச் சட்டமே; எர்த் என்பது இதுதான். ஒரு ஒயர் மிச்சம் என்று கண்ட இந்த யோசனைதான் எல்லாத் தொல்லைக்கும் ஊற்று.

டைனமோவைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளாம்பில் கூரான நுனி கொண்ட ஒரு திருகு இருக்கும். பார்ப்பதற்கு அது பிடிமானத்துக்காக வைத்தது என்றுதான் நினைப்போம். அதன் முக்கியமான வேலை, பெயின்டைக் குத்திக் கிழித்து அடியில் இருக்கும் இரும்பைத் தொடுவது. நம்மூரில் சைக்கிள் வேறு, டைனமோ செட் வேறு. பூட்டு, கேரியர், சீட் கவர் வரிசையில் அதையும் தனியாக வாங்கி, கடையில் மாட்டிக்கொள்வதுதான் வழக்கமாக இருந்தது. தொழிற்சாலையில் எனாமல் பூசி வந்த சட்டத்தின் மேல், கடைக்காரர் எவ்வளவு அக்கறையோடு அந்தத் திருகை முடுக்கினாரோ அவ்வளவுதான் விளக்கின் ஆயுள். அவசரத்தில் பாதி முடுக்கிய திருகு முதல் வாரம் வேலை செய்யும். மழையில் நனைந்து, கிழிந்த பெயின்டுக்கு அடியில் துரு ஏறியதும் தொடர்பு அறுந்துவிடும்.

அடுத்த இடம் இன்னும் நுட்பமானது. டைனமோ பின்சக்கரத்தில், விளக்கு முன்னால் என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வரும் மின்சாரம் முன்ஃபோர்க்கிலிருந்து சட்டத்துக்கு வர, ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் கப்பையும் பால்ஸையும் தாண்ட வேண்டும். அங்கே இருப்பதோ கிரீஸ். கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது. உருண்டைகள் கிரீஸை விலக்கி இரும்பைத் தொடும் கணங்களில் மட்டும் பாதை திறக்கும். நேர் ரோட்டில் எரிந்து, ஹேண்டிலைத் திருப்பினால் அணைந்து அணைந்து எரியும் விளக்கைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், கோளாறு இங்கேதான். சைக்கிளை ஓவராயில் செய்து புதுக் கிரீஸ் வைத்த அன்றைக்கே விளக்கு மக்கர் செய்வது இதனால்தான். மெக்கானிக் நன்றாகத்தான் வேலை பார்த்தார். அவர் வேலை நன்றாக இருந்ததே காரணம்.

பின்விளக்கு மட்கார்டில் உட்கார்ந்திருக்கும். மட்கார்டு இரும்பாக இருந்தவரை, அதன் கம்பிகள் ஆக்சில் நட்டோடு சேரும் இடம் துருப்பிடிக்காதவரை, எர்த் கிடைத்தது. பிளாஸ்டிக் மட்கார்டு வந்ததும் அந்தப் பாதையே அடைபட்டுப்போனது.

கடைசியாக ஹோல்டர். பல்பைக் கழற்றினால் அடியில் ஈயப் பொட்டு. ஹோல்டருக்குள் அதைத் தொடும் பித்தளைத் தகடோ, ஸ்பிரிங்கோ. மழைத்தண்ணீர் உள்ளே போனால் பித்தளையில் பச்சைக் களிம்பு கட்டும். ஈயப் பொட்டு வெளிறி மாவு பூத்துவிடும். சின்ன உப்புத்தாள் துண்டைச் சுருட்டி உள்ளே விட்டு இரண்டு சுற்றுச் சுற்றி, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் சரியாகும். ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. விளக்கைத் திறந்த ஜோரில் உள்ளிருக்கும் கண்ணாடிபோல் மினுங்கும் ரிஃப்ளெக்டரைத் துணியால் தேய்க்காதீர்கள். அந்த மினுக்கம் மிக மெல்லிய உலோகப் பூச்சு; தேய்த்தால் உரிந்து வரும். தூசி இருந்தால் தண்ணீர் ஊற்றி அலசி நிழலில் காயவைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரே மருந்து, இரண்டாவது ஒயர். விளக்கின் உடலிலிருந்து டைனமோவின் உடலுக்கு நேராக இன்னொரு ஒயரை இழுத்துவிட்டால் பெயின்ட், துரு, கிரீஸ், பிளாஸ்டிக் எதைப் பற்றியும் கவலையில்லை. ஒயர் நுனிகளை வெறுமனே முறுக்கி விடாமல் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஃபோர்க் திரும்பும் இடத்தில் ஒயருக்குக் கொஞ்சம் தொங்கல் விட வேண்டும். இறுக்கிக் கட்டினால் திரும்பித் திரும்பி உள்ளேயே அறுந்துவிடும், மேலே ரப்பர் மட்டும் முழுதாக இருந்து ஏமாற்றும்.

தரத்தைக் கையால் பார்ப்பது

டைனமோ வாங்கும்போது உருளையைச் சுற்றிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதைவிட முக்கியமாக, உருளையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புதிதிலேயே ஆட்டம் இருந்தால் புஷ் சரியில்லை. நாளடைவில் காந்தம் இரும்புத் தகட்டில் உரசும். பிறகு, கீலைப் பாருங்கள். டைனமோவைத் தட்டிவிட்டால் ஸ்பிரிங் அதைத் தள்ளி டயரில் சாய்க்கிறதே, அந்தக் கீல் தகரத்தை மடித்துச் செய்ததா, வார்ப்பா? தகரக் கீல் ஒரு வருஷத்தில் லொடலொடத்து, உருளை கோணலாக உட்காரும்.

கோணலாக உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதைப் பழைய டயர்களில் பார்க்கலாம். பக்கவாட்டு ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் நூல் வெளியே வந்திருக்கும். டைனமோ டயரைத் தின்னும் என்ற கெட்ட பெயர் இப்படி வந்தது. டைனமோவின் தண்டை ஒரு கோடாக நீட்டினால் அது சக்கரத்தின் நடு ஆக்சிலைத் தொட வேண்டும். அப்படி மாட்டினால் உருளை டயரின் மேல் உருண்டு ஓடும், அரைக்காது. உருளை உட்காருவதற்கென்றே பக்கவாட்டில் வரிவரியாகக் கோடு போட்ட டயர்களும் உண்டு. மழையில் வழுக்குவதைத் தடுக்க, பழைய டியூபில் ஒரு வளையம் வெட்டி உருளையில் மாட்டிவிடும் வைத்தியம் இன்றும் செல்லும்.

குப்பி திருகு போட்டு மூடியதா, ரிவெட் அடித்ததா என்பது என் கண்ணில் எல்லாவற்றையும் விடப் பெரிய சோதனை. ரிவெட் மலிவு, வேகமாக அடித்துவிடலாம். திருகுக்குக் கூலி அதிகம். திருகு வைத்தவர், நாளைக்கு இன்னொருவர் இதைத் திறப்பார் என்று நினைத்துச் செய்திருக்கிறார். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1923-இல் சைக்கிள் விளக்குத் தயாரிக்கத் தொடங்கியது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் லூகாஸும் மில்லரும் செய்தன. ஹாலந்தின் பிலிப்ஸும் செய்தது. அந்தக் காலத்து டைனமோக்கள் இன்றும் எங்காவது ஒரு பரணில் கிடைத்தால், துருவைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் ஓடிவிடும். அவற்றைப் பிரிக்கும்போது மட்டும் கவனம் தேவை. பழைய காந்தங்கள் நிக்கல், அலுமினியம், கோபால்ட் கலந்த எஃகு வகை. சுற்றியிருக்கும் இரும்பிலிருந்து வெளியே எடுத்து மேஜையில் வைத்தாலே பலத்தில் ஒரு பகுதியை இழந்துவிடும். பிறகு வந்த ஃபெரைட் காந்தங்களுக்கு அந்தப் பயம் இல்லை.

நாட்டிங்ஹாமின் ஹப்

காந்தம் பலமிழக்கும் இந்தச் சங்கதி பெரிதாக வந்து நிற்பது நாட்டிங்ஹாமில் உருவான ஒரு சாதனத்தில். ராலே சைக்கிள் கம்பெனியின் துணை நிறுவனமான ஸ்டர்மி ஆர்ச்சர், ஜி. டபிள்யூ. ராலிங்ஸ் என்ற பொறியாளரின் வடிவமைப்பை வைத்து 1936-இல் ‘டைனோஹப்’பைக் கொண்டுவந்தது. டயரில் உரசும் வேலையே இல்லை. சக்கரத்தின் நடு ஹப்புக்குள்ளேயே வளையக் காந்தம். சக்கரத்தோடு அதுவும் சுற்றும். ஆக்சிலில் அசையாமல் நிற்பது கம்பிச் சுருள்.

ஹப் சுற்றுவது நிமிடத்துக்கு நூற்றிச் சொச்சம்தான். குப்பியின் 4,000 எங்கே, இது எங்கே! அந்தக் குறையை ஈடுகட்ட வளையத்தில் 20 துருவங்களை வைத்தார்கள். அப்படியும் 2 வாட்தான் தேறியது. மெதுவாகப் போனால் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிய அதிரும், நின்றால் அணைந்துவிடும். ஆனால் சத்தமில்லை, வழுக்கலில்லை, மழைக்கு அசையாது. 1980-களின் நடுப்பகுதி வரை தயாரிப்பில் இருந்தது என்பதிலிருந்தே அதன் கட்டுமானம் தெரியும். இன்றும் இங்கிலாந்தில் அதைப் பழுதுபார்த்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதைப் பழுதுபார்க்கும் முறையில் ஒரு விதி உண்டு. காந்த வளையத்தை உள்ளிருக்கும் இரும்பிலிருந்து வெறுமனே இழுத்தால், அந்த நிமிடமே காந்தத்தின் பலம் நிரந்தரமாகக் குறைந்துவிடும். அதற்காக அதே அளவில் ஓர் இரும்பு வளையத்தைத் தயாரிப்பாளர்களே கொடுத்தார்கள். அதை ஒட்டவைத்து, காந்தம் ஒரு கணமும் இரும்பை விட்டுப் பிரியாதபடி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த வேண்டும். பொருளைச் செய்தவர்கள் அதைப் பிரிக்கும் கருவியையும் சேர்த்துச் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் கவிழ்த்த சைக்கிள்கள்

திறக்க முடிகிற, இரண்டு ஒயரை எங்கே வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ள முடிகிற ஒரு கருவி எவ்வளவு தூரம் மனிதர்களுக்குத் துணை நிற்கும் என்பதற்கு 1990-களின் யாழ்ப்பாணத்தைவிடப் பெரிய சாட்சி இல்லை.

1990 ஜூனில் போர் மறுபடி வெடித்த பிறகு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பெட்ரோல், பற்றறி என்று அன்றாடப் பொருட்கள் பல அடைபட்டன. ஊரே சைக்கிளில் இறங்கியது. இரவில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கண்ணாடிப் போத்தலுக்குள் திரி வைத்த மண்ணெண்ணெய் விளக்கு. உலகம் என்ன சொல்கிறது என்று கேட்க வானொலி வேண்டும், வானொலிக்குப் பற்றறி வேண்டும், பற்றறியோ தடைப்பட்ட பொருள். அப்போதுதான் சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ஒயரை வானொலிக்கு இழுத்தார்கள். ஒருவர் சுற்ற, சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் பிபிசி தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் கேட்டார்கள். பாட்டும் கேட்டார்கள்.

இதை வெறும் சாமர்த்தியம் என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அதற்குள் இருக்கும் தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். டைனமோ தருவது மாறுமின்சாரம். வானொலிக்கு வேண்டியது பற்றறி தரும் நேர்மின்சாரம். நடுவே டயோடு வைத்துத் திருத்தி, கண்டென்சர் வைத்து அதிர்வை அடக்காவிட்டால் குரலுக்குப் பதில் இரைச்சல்தான் கேட்கும். அடுத்தது இன்னும் சிக்கல். பல்பு எரிந்தால்தான் டைனமோவின் வோல்ட்டேஜ் அடங்கி நிற்கும். வானொலி இழுப்பது சொற்ப மின்னோட்டம். அந்தச் சுமைக்கு டைனமோ கட்டுப்படாது. வேகமாகச் சுற்றினால் வோல்ட்டேஜ் 6-ஐத் தாண்டி எகிறி வானொலியையே எரித்துவிடும். மெதுவாகச் சுற்றினால் குரல் அமுங்கிவிடும். ஆகவே பெடலைச் சுற்றுகிற கை ஒரே சீராக, செய்தி முடியும்வரை, கூட்டாமல் குறைக்காமல் சுற்ற வேண்டியிருந்தது. குப்பியின் தன்மையைக் கையே கற்றுக்கொண்டது. பெரும்பாலும் அது வீட்டிலிருந்த பிள்ளைகளின் கை. அந்தத் தலைமுறை இன்று உலகம் முழுவதும் சிதறியிருக்கிறது. டைனமோ என்ற பேச்செடுத்தால் அவர்கள் முதலில் சொல்வது விளக்கைப் பற்றியல்ல, வானொலியைப் பற்றித்தான்.

ரிவெட் அடித்து, பிசின் ஊற்றி, ஒயரையே வெளியே விடாமல் மூடிய ஒரு விளக்கு அந்த முற்றத்தில் யாருக்கும் பயன்பட்டிருக்காது.

மூடிய ஹப், மூடிய விளக்கு

டைனமோ உலகின் மறுபாதிக் கதை ஜெர்மனியில் நடந்தது, இன்னும் நடக்கிறது. அங்கே சைக்கிளுக்கு டைனமோ விளக்கு சட்டப்படியே கட்டாயமாக இருந்தது. பேட்டரி விளக்கையும் ஏற்றுக்கொண்டது 2013-இல்தான். அப்படிக் கறாரான சட்டம் இருந்ததால் நல்ல சாமானுக்குச் சந்தையும் இருந்தது. ட்யூபிங்கன் நகரத்தின் வில்ஃப்ரீட் ஷ்மிட் 1990-களில் கொண்டுவந்த ‘சோன்’ ஹப் டைனமோ அந்தச் சந்தையின் உச்சம். ஜப்பானின் ஷிமானோ அதே வகையைக் குறைந்த விலையில் பரவலாக்கியது.

திறமையில் பழைய குப்பி இவற்றின் பக்கத்தில் நிற்க முடியாது. குப்பி டைனமோ 3 வாட் தர, மிதிக்கிறவரிடமிருந்து 8, 10 வாட்டை வாங்கிக்கொள்ளும். நிதானமாக மிதிக்கும் ஒருவரின் மொத்தச் சக்தியே 75 முதல் 100 வாட் என்றால், டைனமோவைத் தட்டிவிட்டதும் மிதி கனப்பது ஏன் என்று புரியும். நல்ல ஹப் டைனமோ இதில் ஏறத்தாழ பாதியோடு திருப்தியடைந்துவிடும். ஷ்மிட்டின் ஹப்பில் எனக்குப் பிடித்த நுட்பம் வேறு. ஓடும்போது ஹப் சூடாகிறது, உள்ளிருக்கும் காற்று விரிகிறது. மழையில் குளிர்ந்ததும் காற்று சுருங்கி, பேரிங் வழியாக ஈரத்தை உள்ளே உறிஞ்சுகிறது. ஹப்புகளைத் துருப்பிடிக்கவைத்துக் கொன்றது இந்த மூச்சுதான். அந்த மூச்சு பேரிங்குகளைத் தொடாமல் போய்வர அவர் தனி வழி வைத்தார், ஐந்து வருட உத்தரவாதமும் கொடுத்தார்.

ஆனால் அந்த ஹப்பின் பேரிங் தேய்ந்தால் தயாரித்தவரிடமே அனுப்புவதுதான் முறை. ஷிமானோ ஹப்பில் கோனை இறுக்கித் தளர்த்த முடியும். ஒயர் வெளியே வரும் பக்கத்தைத் தெரியாமல் பிரித்தால் மட்டும், ஆக்சிலின் காடி வழியே வரும் மெல்லிய கம்பி அறுந்துவிடும்.

விளக்கின் பக்கம் நிலைமை இன்னும் மோசம். பழைய டங்ஸ்டன் பல்பும் ஹாலஜனும் ஒரு வாட்டுக்கு 10, 15 லூமென் தந்தன, வெள்ளை எல்.ஈ.டி. 100-ஐத் தாண்டிவிட்டது. நின்றாலும் சில நிமிடம் எரிவதற்காக உள்ளே ஒரு பெரிய கண்டென்சரும் வைக்கிறார்கள். எல்லாம் அருமை. வருஷங்கள் போகப்போக முதலில் சோர்வது அந்தக் கண்டென்சர். எல்.ஈ.டி. நன்றாக இருக்கும், ரிஃப்ளெக்டர் நன்றாக இருக்கும். சில ரூபாய் கண்டென்சரை மாற்றினால் போதும். ஆனால் பல விளக்குகளில் பிளாஸ்டிக் கூட்டை உருக்கி ஒட்டியிருப்பார்கள், ரம்பம் வைத்துத்தான் திறக்க வேண்டும். தண்ணீர் புகாமல் இருக்க இதுதான் வழி என்பது அவர்கள் வாதம். ரப்பர் வளையமும் நான்கு திருகும் தண்ணீரைத் தடுக்கும் என்பது கைக்கடிகாரத்தைத் திறந்து மூடும் எவருக்கும் தெரியும். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை.

பழைய குப்பி, புதிய எல்.ஈ.டி.

வீட்டில் பழைய டைனமோ கிடந்தால் எறியாதீர்கள் என்று சொல்வதற்கு என்னிடம் ஓர் உறுதியான காரணம் இருக்கிறது. எல்.ஈ.டி.க்கு வேண்டியது கட்டுப்பட்ட மின்னோட்டம். அதற்காகவே தனிச் சர்க்யூட் வைத்து விற்கிறார்கள். டைனமோ அதைப் பிறவியிலேயே செய்கிறது, அரை ஆம்பியருக்கு மேல் தராது. நான்கு டயோடுகளைப் பாலமாக இணைத்து, பின்னால் ஒரு கண்டென்சர் வைத்து, அந்த மின்னோட்டத்தைத் தாங்கும் வெள்ளைப் பவர் எல்.ஈ.டி. இரண்டைத் தொடராகப் பற்றவைத்தால் இரண்டும் சேர்ந்து கேட்பது 6 வோல்ட்டுக்குச் சற்று மேல். 6 வோல்ட் பல்புக்கென்று செய்த குப்பிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்திவிடும். எல்.ஈ.டி.யின் முதுகில் அலுமினியத் தகடு ஒட்டுவது கட்டாயம், இல்லாவிட்டால் சூட்டில் மங்கிவிடும். எல்.ஈ.டி.க்குப் போகும் ஒயர் அறுந்துவிட்டால் சுமையில்லாத டைனமோ வோல்ட்டேஜை எகிறவைத்துக் கண்டென்சரை வெடிக்கவைக்கும் என்பதால், அந்த இணைப்பு முறுக்கலாக இல்லாமல் ஈயம் வைத்ததாக இருக்க வேண்டும்.

இங்கேயும் எர்த் வந்து நிற்கிறது. டைனமோவின் ஒரு முனை அதன் உடல் வழியே சைக்கிள் சட்டத்தில் இருக்கிறது. டயோடுப் பாலத்துக்குப் பின்னால் வரும் நெகட்டிவ்வையும் பழைய பழக்கத்தில் சட்டத்தோடு சேர்த்துவிட்டால், ஒவ்வொரு அலையிலும் ஒரு பாதி ஷார்ட்டாகி வீணாகும். வெளிச்சம் குறையும், காரணம் தெரியாது. ஆகவே இரண்டு ஒயரும் டைனமோவிலிருந்து நேராகப் பாலத்துக்கு வர வேண்டும். எல்.ஈ.டி.யின் அலுமினியத் தகட்டுக்கும் விளக்கின் இரும்புக் கூட்டுக்கும் நடுவே ரப்பரோ பிளாஸ்டிக்கோ இருக்க வேண்டும்.

சைக்கிள் மெக்கானிக்குக் கிளாம்பும் கீலும் உருளையின் கோணமும் அத்துப்படி. டயோடு அவருக்குப் பழக்கமில்லை. அதே தெருவில் டிவி ரிமோட்டும் மிக்ஸியும் பழுதுபார்க்கிற எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரருக்கு டயோடுப் பாலம் அரை மணி வேலை. உருளை எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. பழைய டைனமோவையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு இரண்டு கடைக்கும் நீங்களே நடந்தாக வேண்டும். முதலில் சைக்கிள் கடை: உருளையில் ஆட்டம் இருக்கிறதா, புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, சட்டத்தில் நேராக மாட்டி இரண்டு ஒயரையும் ஹேண்டில் வரை கொண்டுவந்து விடச் சொல்லுங்கள். அடுத்து எலெக்ட்ரானிக்ஸ் கடை: விளக்கின் கூட்டைத் திறந்து கொடுங்கள், எந்த ஒயரும் கூட்டைத் தொடக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். மூடும்போது நான்கு திருகையும் திரும்பப் போடச் சொல்லுங்கள், பசை வேண்டாம்.